பதில் எழுத முடியாத கலந்துரையாடல்

வணக்கம். கோலாலம்பூரில் மேயரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். அதனால் நகரத் திட்ட வரைவு வெளிவந்து, மக்களிடம் கருத்துக் கேட்கும் சில வாரங்கள் நமக்கு ரொம்ப முக்கியம். 1982-ஆம் ஆண்டுக் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம் அந்த வாய்ப்பைத் தருகிறது. ஆனால் பாரத்தை நிரப்பி அனுப்பினால், பக்கத்து வீட்டுக்காரர் என்ன எழுதினார் என்று நமக்குத் தெரியாது.

சரி, வாட்ஸ்அப் குழுவில் பேசலாமே? செந்தூலில் ஒரு தெருவைப் பாசார் மாலாமுக்காக, அதாவது இரவுச் சந்தைக்காக, மூடலாமா என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சந்தை மறந்துபோய், யார் யாரை என்ன சொன்னார் என்பதில் வந்து நிற்கும். நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

(திரையில்: ஒரு கருத்து, கீழே மூன்று பொத்தான்கள்)

'போல்.இஸ்' என்ற மென்பொருளில் பதில் எழுத இடமே கிடையாது. ஒருவர் எழுதிய கருத்து வரும். சம்மதம், சம்மதமில்லை, அடுத்தது என்று ஒன்றை அழுத்தலாம். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா? தனிக் கருத்தாக எழுதுங்கள், அதற்கும் மற்றவர்கள் வாக்களிப்பார்கள். ஒரே மாதிரி வாக்களித்தவர்களைக் கணினி குழுக்களாகப் பிரித்துக் காட்டும். எதிரெதிரான குழுக்கள் சேர்ந்து எதை ஏற்கின்றன என்பதும் தெரியும். எனக்கு இதுதான் பெரிய விஷயம். 2015-இல் தைவானில் ஊபர் வாடகைக் கார் சேவை பற்றிய சர்ச்சைக்குப் போல்.இஸ்ஸைப் பயன்படுத்தினார்கள். பயணிகளுக்குக் காப்புறுதி வேண்டும் என்பதில் ஊபரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒத்துப்போனார்கள்.

(திரையில்: ஒரு வாக்கியம் இரண்டாகப் பிரிகிறது)

இப்படி ஒரு கலந்துரையாடலை நடத்துபவருக்கு நிறைய வேலை. "தெருவை மூடலாம், ஆனால் குப்பையை அன்று இரவே அள்ள வேண்டும்." இதில் இரண்டு கருத்து இருக்கிறது. தெருவை மூடக் கூடாது என்பவர் மறுத்தால், குப்பை அள்ளுவதையும் மறுத்ததாகப் பதிவாகிவிடும். இரண்டாக உடைத்துப் போடுங்கள்.

அப்புறம், மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் கருத்துகள் இருக்க வேண்டும். போன் பழகாத பாட்டி தாத்தாவுக்காக அடுக்குமாடியின் கீழே ஒரு மேசை போடுங்கள். வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதையே அழுத்துங்கள்.

மொத்தச் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். வியாபாரிகள் கூட்டமாக வந்து வாக்களித்தால் அது மாறிவிடும். எல்லாக் குழுக்களும் ஏற்ற கருத்தை அப்படி மாற்றுவது கடினம்.

முடிவை அறிவிக்கும் தேதியை முதல் நாளே சொல்லுங்கள். ஏற்காத கருத்துகளுக்குக் காரணத்தையும் அங்கேயே எழுதுங்கள்.