சிதைவதற்குள் ஒரு படம்

நேயர்களுக்கு வணக்கம்.

எக்ஸ்ரே எடுக்கும்போது, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள் என்பார்கள். புரதத்தின் அணுக்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. அவற்றைக் காட்டுமளவு கடுமையான எக்ஸ் கதிர் அவற்றைச் சிதறடித்தும் விடும். சிதறுவதற்குள் படத்தை எடுத்துவிடலாம் என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2000இல் கணக்கிட்டுக் காட்டினர். அதற்கேற்ற எக்ஸ் கதிர் லேசர் 2009இல் கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் ஒளிர்ந்தது. அதன் ஒரு துடிப்பு 70 ஃபெம்டோ நொடி (ஃபெம்டோ நொடி என்பது நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்றால், அதற்குள் ஒளிகூட ஒரு தலைமுடியின் தடிமனைக் கடக்காது.

லேசரைப் புகழப் பலர் உண்டு. எனக்குப் பிடித்தது அதன் முன்னே நீரைப் பாய்ச்சும் குழாய்முனை. படமெடுக்க வேண்டிய புரதத்தை, மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிய நுண்படிகங்களாக வளர்த்துக்கொள்கிறார்கள். அந்தப் படிகங்கள் காய்ந்தால் கெட்டுவிடும் என்பதால் கரைசலோடேயே கதிரின் முன் வர வேண்டும். நீர்த்தாரை தடித்தாலோ நீரில் பட்டுத் தெறிக்கும் கதிர்களே படத்தை மூடிவிடும். துளையைச் சிறிதாக்கினால் படிகங்கள் அடைத்துக்கொள்ளும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் துளையை அகலமாகவே விட்டு, சுற்றிலும் வாயுவைப் பாய்ச்சி நீரை மெலியவைத்தனர். டீக்கடையில் குவளையை உயர்த்தி ஆற்றும்போது தேநீர் இழையாகிறதல்லவா, அதுபோலத்தான். அங்கே இழுப்பது புவியீர்ப்பு, இங்கே வாயு. அந்த இழையின் தடிமன் 4 மைக்ரான், அதாவது தலைமுடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு.

எண்ணெய் ஒரு சொட்டு சிந்தினாலே பதறும் வீட்டில் வளர்ந்தவன் நான். ஆகவே அடுத்த செய்தி என்னை இன்றும் உறுத்துகிறது. இயற்பியலாளர் ஹென்றி சாப்மன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிச்சேர்க்கைப் புரதத்தின் நுண்படிகங்கள் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் பாய்ந்தன. லேசரோ நொடிக்கு 30 முறைதான் துடித்தது. இரண்டு துடிப்புகளுக்கிடையே ஓரடி நீளக் கரைசல் ஓடிவிடும். அதில் கதிர் தொட்டது சில மைக்ரான்களை மட்டுமே. அரும்பாடுபட்டு வளர்த்த படிகங்களில் பெரும்பகுதி, மறுபடியும் சொல்கிறேன், பெரும்பகுதி, வீணாகவே போயிற்று. பதிவான படங்கள் 30 லட்சத்துக்கும் மேல். புரதத்தின் அணு அமைப்பைக் கணிக்க உதவியவை ஏறத்தாழ 15,000. இன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் பகுதியிலுள்ள எக்ஸ் கதிர் லேசர் நொடிக்கு 27,000 துடிப்புகள் வரை தருகிறது; ஆனால் அவை பத்துக் கொத்துகளாக வருவதால் இடைவெளிகளில் கரைசல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

படிகமே இல்லாமல், கரைசலிலுள்ள உயிரணுவையே படமெடுப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், கடிகாரம் விடவில்லை. ஜப்பானின் சாக்லா லேசரில், நுண்ணிய நீர்ச்சிமிழில் அடைத்த உயிருள்ள பாக்டீரியாவை ஒரே துடிப்பில் படமெடுத்ததாக ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் 2014இல் அறிவித்தனர். அங்கே நீர் ஓடவில்லை. ஒரு சொட்டும் வீணாகவில்லை.

வணக்கம்.