லென்ஸின் நடுவில் இருக்கும் கண்ணாடி வீண் சுமையா?

பூதக்கண்ணாடியின் நடுவில் தடித்திருக்கிறதே, அந்தக் கண்ணாடியில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தாலும் அது ஒளியைக் குவிக்கும் என்றால் நம்புவீர்களா? வெட்டி எறிந்து, அதைக் கலங்கரை விளக்கத்தில் ஏற்றியும் காட்டினார் ஒரு பிரெஞ்சுக்காரர்!

வணக்கம். அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சத்துக்குத் தளர்ந்துவிடுகிறது. சாய்வாக நுழையும் கற்றையில், கண்ணாடியை முதலில் தொடும் பக்கம் முதலில் தளர்கிறது. மறுபக்கம் பழைய வேகத்திலேயே வருகிறது. அதனால் கற்றை திரும்புகிறது. குவி லென்ஸின் விளிம்பில் சாய்வு அதிகம், திருப்பமும் அதிகம். நட்டநடுவில் விழும் கதிர் நேராகப் போய்விடும். இணையாக வந்தவை எல்லாம் சேரும் புள்ளிதான் குவியம்.

[திரையில்: லென்ஸின் குறுக்குவெட்டுப் படம்]

இங்கேதான் எனக்குப் புல்லரிக்கிறது. ஒளி திரும்புவது நுழையும் பரப்பிலும் வெளியேறும் பரப்பிலும் மட்டுமே. உள்ளே நேர்கோட்டில்தான் செல்கிறது. அப்படியானால் உள்ளிருக்கும் தடிமனுக்கு என்ன வேலை? ஒளியைத் திருப்புவதில் ஒரு வேலையும் இல்லை! எடையைக் கூட்டுகிறது, ஒளியைக் கொஞ்சம் விழுங்குகிறது.

இதை நடைமுறையில் சாதித்தவர் ஒகுஸ்தாங் ஃபிரெனெல். வளைந்த பரப்பை வட்ட வட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு வளையத்துக்கும் உரிய சாய்வை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் இருந்த கண்ணாடியை நீக்கினார். குவியத்தில் விளக்கை வைத்ததும் கதிர்கள் வந்த வழியே திரும்புவதுபோல, நாலாபக்கமும் சிதறியிருக்க வேண்டிய ஒளி இணைகற்றையாகக் கடலை நோக்கிப் பாய்ந்தது. 1823இல், பிரான்ஸின் ஜிரோந்த் கழிமுகத்தில் நிற்கும் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அந்த லென்ஸுடன் விளக்கு எரிந்தது. பின்னர் வந்த முதல்தர விளக்குகளின் லென்ஸ்கள் ஆள் உயரத்தையே மிஞ்சின. அந்த அளவில் முழுக் கண்ணாடியில் செய்திருந்தால் எடையை எந்தக் கோபுரம் தாங்கும்? அறிவியலில் இவ்வளவு அழகான சிக்கனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதைச் செய்தவர் 1827இல், 39 வயதில், காசநோயால் மறைந்தார் என்பதுதான் தாங்க முடியாதது.

பிறகு ஏன் கேமராக்களில் பெரும்பாலும் வழக்கமான லென்ஸ்? வளைய விளிம்புகளில் ஒளி சிதறிப் பிம்பத்தின் கூர்மை கெடும். வெளிச்சம் மட்டும் போதும் என்ற இடத்தில் அந்தக் கவலை இல்லை.

உங்கள் செல்பேசியின் ஃபிளாஷை அணைத்துவிட்டு அருகில் வைத்து உற்றுப் பாருங்கள். பல செல்பேசிகளில் மெல்லிய வட்டங்கள் தெரியும். அதே ஃபிரெனெல் லென்ஸ்தான்! உங்களுடையதில் தெரிகிறதா என்று கமெண்டில் எழுதுங்கள்.