வரமென்றால் ஏன் கழற்றி வைத்தார்கள்?

(பாளையங்கோட்டையில் வாசகர் வட்டம் ஒன்று நடத்திய பட்டிமன்றம். தலைப்பு: ‘எழுத வரும் சின்னத்திரை நடிகருக்கு அவர் முகம் வரமா, சுமையா?’ ‘சுமையே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு கண்ணை மேடையிலும் ஒரு கண்ணை வானத்திலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி கணக்கு சொல்லிவிட்டுப் போனார். ஜெனட் மெக்கர்டி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை 2022 ஆகஸ்டில் தன் வாழ்க்கையை எழுதிப் புத்தகமாகப் போட்டார். அச்சுப் புத்தகம், மின்நூல், ஒலிநூல் எல்லாம் சேர்த்து முதல் வாரத்திலேயே 2 லட்சத்துக்கு மேல் விற்றது. “அந்த முகம் இல்லையென்றால் இந்த விற்பனை நடக்குமா?” என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். கணக்கு சரி, விற்றது உண்மை.

ஆனால் அண்ணாச்சி, தலைப்பை இன்னொரு தடவை வாசியுங்கள். பதிப்பாளருக்கு வரமா என்று கேட்கவில்லை. கடைக்காரருக்கு வரமா என்றும் கேட்கவில்லை. அவர்களுக்கு வரம்தான், வேண்டுமானால் இப்போதே பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கேள்வி எழுதுகிறவரைப் பற்றியது. அவர் ராத்திரி தனியாக உட்கார்ந்து ஒரு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறாரே, அந்த நேரத்தில் அந்த முகம் அவருக்கு என்ன செய்தது?

எதிரணி கையில் எடுத்த அதே ஆளை வைத்தே பேசுகிறேன். ஐகார்லி என்று ஒரு தொடர், 2007 முதல் 2012 வரை ஓடியது. இளம்பிள்ளைகள் இணையத்தில் சொந்தமாக ஒரு நிகழ்ச்சி நடத்துகிற நகைச்சுவைக் கதை. அதில் சாம் என்ற முரட்டுப் பெண்ணாக நடித்தவர்தான் ஜெனட். சாம் யாருக்கும் அடங்க மாட்டாள். எப்போது பார்த்தாலும் எதையாவது தின்றுகொண்டே இருப்பாள். கோழி வறுவல், இறைச்சி, கையில் கிடைத்தது எல்லாம். அதைப் பார்த்துத்தான் உலகம் சிரித்தது.

அந்த வேடம் போட்ட பிள்ளையின் நிலைமை என்ன தெரியுமா? 11 வயதிலேயே அவளுக்குச் சாப்பாட்டை அளந்து குறைக்கக் கற்றுக் கொடுத்தவர் அவள் அம்மா. உடம்பு வளர்ந்துவிட்டால் சின்னப்பிள்ளை வேடம் கிடைக்காதே! முதலில் பட்டினி கிடந்தாள். பிறகு தின்றதை எல்லாம் வாந்தியெடுக்கும் நோய் வந்து வருஷக்கணக்கில் அவதிப்பட்டாள். திரையில் அவள் தின்பதைப் பார்த்து உலகமே சிரித்தபோது, கேமராவுக்கு இந்தப் பக்கம் இருந்த பிள்ளைக்கு ஒரு கவளம் சோறு தண்டனையாக இருந்தது. தெருவில் போனால் அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, ‘சாம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். எதிரணி வரம் என்று சொல்லும் முகம் இதுதான்.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு எழுத்தில் ஆசை எப்போது வந்தது? நடித்து முடித்து, ஓய்ந்த பிறகா? இல்லை. சின்ன வயதிலேயே ஒரு திரைக்கதை எழுதி அம்மாவிடம் ஆசை ஆசையாகக் கொடுத்திருக்கிறாள். அம்மாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. எழுதுகிறவர்கள் உடம்பைக் கவனிக்க மாட்டார்கள், கண்டபடி உடுத்துவார்கள், குண்டாகிவிடுவார்கள், நீ நடிகை என்கிற மாதிரி பேசிப் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டார். (இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளப் பெருமக்கள் வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம், நான் யாரையும் சொல்லவில்லை.) ஆக, ஊரறிந்த முகம் வருவதற்கு முன்பே பேனா வந்துவிட்டது. அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. 6 வயதிலேயே நடிக்கக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அவள் சம்பாத்தியத்தை நம்பி ஒரு வீடே இருந்தது. அந்த வீடு எப்படிப்பட்ட வீடு? எதையும் தூக்கிப் போட மனசு வராமல் அறை அறையாகச் சாமான் சேர்த்து வைத்து, பிள்ளைகள் கட்டிலில் படுக்க இடமில்லாமல் கூடத்தில் விரிப்பு போட்டுப் படுத்த வீடு.

புத்தகத்தின் தலைப்பை இதுவரை இந்த மேடையில் யாரும் தமிழில் சொல்லவில்லை. எதிரணி அண்ணாச்சியும் இங்கிலீஷில் சொல்லித் தப்பித்துக்கொண்டார். நான் சொல்லிவிடுகிறேன், யாரும் எழுந்து போய்விடாதீர்கள். ‘என் அம்மா செத்துப்போனதில் எனக்குச் சந்தோஷம்’. நம்ம டவுனில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால் ஆச்சிமார் எல்லாரும் விளக்குமாற்றோடு வந்துவிடுவார்கள். அந்த ஊரிலும் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் புத்தகத்தை நான் படித்தேன் நடுவர் அவர்களே. அதில் ஒரு திட்டு கிடையாது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

கதை நிகழ்காலத்தில் நகர்கிறது. ஆறு வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளையாகவே பேசுகிறாள். அம்மா சொன்னால் அது வேதம். அம்மாவுக்குப் புற்றுநோய் வந்து போன கதை அந்த வீட்டில் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு வர வேண்டும், அதற்காக எதையும் செய்வாள் பிள்ளை. சாப்பாட்டைக் குறைப்பது கூட அவளுக்கு அம்மாவும் தானும் மட்டும் அறிந்த ரகசியம், அதில் ஒரு பெருமை. அவள் சந்தோஷமாகச் சொல்லச் சொல்ல, படிக்கிற நமக்கு வயிற்றைப் பிசைகிறது. இது கொடுமை என்று அந்தப் பக்கங்களில் எழுத்தாளர் எங்கும் குறுக்கே வந்து சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். நடுவர் அவர்களே, இது முகத்தால் வருகிற காரியமா? வளர்ந்த ஒருத்தி தன் கோபத்தை எல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பழைய பிள்ளையின் காதோடும் கண்ணோடும் மட்டும் உட்கார்ந்தால்தான் வரும்.

“வசனம் காதில் விழுந்தது நடிப்பினால்தானே?” என்று எதிரணி அக்கா குறிப்பு எழுதுகிறார்கள், பார்த்துவிட்டேன். ஒத்துக்கொள்கிறேன். நடிப்புத் தொழில் எழுத்துக்கு உதவும். இன்னொரு ஆளாக நின்று பேசுவது எப்படி என்று அது கற்றுத்தரும். ஆனால் தொழில் வேறு, முகம் வேறு அக்கா. தொழில் அவள் கற்றுக்கொண்டது. முகம் ஊர் அவள்மேல் ஒட்டியது.

அவர் எழுத்துக்கு வந்த பாதையையும் பாருங்கள். தொடர் முடிந்ததும் அந்தச் சூட்டோடு புத்தகம் போட்டிருந்தால் எதிரணி சொல்வது சரி. 2013இல் அம்மா இறந்தார். 2014இல் அவர் அதே சாம் வேடத்தில் நடித்த ‘சாம் அண்ட் கேட்’ தொடர் நின்றது. அந்தத் தொடர்களை எடுத்த தொலைக்காட்சியில் தான் பட்ட அனுபவத்தைப் பற்றி வெளியே பேசாமல் இருந்தால் 3 லட்சம் டாலர் தருவதாகத் தன்னிடம் பேரம் பேசப்பட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டார். வாயைத் திறக்காமல் இருப்பதற்கு விலை பேசப்பட்ட முகம் அது! அப்புறம் நடிப்பையே விட்டார். போட்ட வேடங்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். குறும்படம் எடுத்தார், கட்டுரை எழுதினார், இதே தலைப்பில் தனியாளாக மேடையில் நின்று நிகழ்ச்சி நடத்தினார். கொரோனா வந்து அதுவும் நின்றது. புத்தகம் வந்தபோது 2022. முகத்தை இறக்கி வைக்கவே அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. தேர் அழகுதான், ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரைப் பார்த்து யார் அழகில்லை என்றார்கள்? வடம் பிடித்தவன் உள்ளங்கையைக் கேட்டால்தான் எடை தெரியும்.

அடுத்து, எதிரணியின் முதல் பேச்சாளர் ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங் அம்மையாரைக் கொண்டுவந்தார். 2013இல் ராபர்ட் கால்பிரைத் என்ற பெயரில் ஒரு துப்பறியும் நாவல் போட்டார், யாரென்று தெரியாதவரை சுமார் 1,500 பிரதிதான் விற்றது, பெயர் வெளியே வந்ததும் பட்டியலின் உச்சிக்குப் போனது, ஆகவே பெயரே வரம் என்றார். ஐயா, அவர் நடிகையே இல்லையே என்று நான் சட்டம் பேசப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உலகத்திலேயே பெரிய பெயர் கையில் இருந்தபோது அந்த அம்மா ஏன் அதைக் கழற்றி வைத்துவிட்டு எழுதப் போனார்? எதிர்பார்ப்பும் ஆரவாரமும் இல்லாமல் வெளியிட்டது சுகமாக இருந்தது என்கிற அர்த்தத்தில் அவரே சொன்னார். கர்ணன் கவசத்தைக் கழற்றியது கூட இந்திரன் வந்து கேட்டதால். இவரை யாரும் கேட்கவில்லையே?

நடிகர்தான் வேண்டும் என்றால் ஹியூ லாரியைப் பாருங்கள். பின்னால் ஹவுஸ் தொடரில் மருத்துவராக நடித்து உலகத்துக்கெல்லாம் தெரிந்தவர். அதற்கு முன்பே பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர். 1996இல் அவருடைய முதல் நாவல் வந்தது. கைப்பிரதியை அவர் சொந்தப் பெயரில் அனுப்பவில்லை, புனைபெயரில் அனுப்பினார். நடிகர் என்பதற்காக யாரும் தன்னை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று நினைத்தார். எழுத்து நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரிய வேண்டியிருந்தது. முகம் இருந்தால் அது தெரியாது. பாராட்டுகிறவன் எதைப் பாராட்டுகிறான் என்று கடைசிவரை தெரியாமல் எழுதுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று, ஒரு கதையாவது எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியவர்களுக்குப் புரியும்.

இதில் நம்ம ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். கல்யாணசுந்தரம் கதைக்கு வண்ணதாசன், கவிதைக்குக் கல்யாண்ஜி. ராமச்சந்திரன் வண்ணநிலவன் ஆனார். தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன் எழுத உட்கார்ந்தால் முதல் வேலையாகப் பெயரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான் போலிருக்கிறது. வங்கியில் வேலை பார்க்கும் கல்யாணசுந்தரம் வேறு, சாயங்காலம் கதை எழுதுகிற வண்ணதாசன் வேறு என்று இருக்க முடிந்தது. தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு வீட்டுக்கு வீடு வருகிற ஆளுக்கு அந்த வசதி ஏது? புனைபெயர் வைத்துக்கொள்ளலாம், புனைமுகம் வைத்துக்கொள்ள முடியாது நடுவர் அவர்களே!

“புதுமைப்பித்தனே சினிமாவுக்குப் போனாரே” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது. போனார். எழுதப் போனார், முகம் காட்டப் போகவில்லை. அங்கிருந்து அவர் கொண்டுவந்தது காசநோய். 1948இல் 42 வயதில் போய்ச் சேர்ந்தார். சவத்த விடுங்க, அதைப் பேசினால் மனசு கெட்டுப் போகும்.

தலைகீழாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேல ராமமூர்த்தி. பல காலம் சிறுகதையும் நாவலும் எழுதிவிட்டு, அதன் பிறகு கேமரா முன்னால் வந்தவர். 2023இல் நடிகர் மாரிமுத்து காலமானதும் எதிர்நீச்சல் தொடரில் ஆதி குணசேகரன் வேடத்துக்கு அவர் வந்தார். இன்று வண்ணாரப்பேட்டையில் அவர் காரை விட்டு இறங்கினால் ‘குற்றப் பரம்பரை’ எழுதியவர் என்று எத்தனை பேர் ஓடி வருவார்கள், குணசேகரன் என்று எத்தனை பேர் ஓடி வருவார்கள்? நீங்களே சொல்லுங்கள். முழு எழுத்தாளராக இருந்து வந்தவருக்கே இந்தக் கதி என்றால், முகத்தோடு தொடங்குகிறவர் கதி என்ன?

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், இன்னும் ஒரு நிமிஷம் கொடுங்கள். மெக்கர்டி புத்தகத்தை எங்கள் வீட்டில் இரண்டு பேர் எடுத்தோம். நான் அந்தத் தொடரில் ஒரு காட்சி கூடப் பார்த்ததில்லை. என் அண்ணன் மகள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது பார்த்தவள். நான் ராத்திரி விழித்திருந்து படித்து முடித்தேன். அவள் நாலு பக்கம் படிப்பாள், உடனே போனை எடுத்து யூடியூபில் பழைய காட்சியைப் போட்டுவிடுவாள். “அத்தை, இந்த சீன் எடுக்கும்போதா இப்படி இருந்தாங்க? இந்த முகத்தைப் பாருங்க, சிரிக்கத்தானே செய்றாங்க?” அங்கே போய்ச் சிரிப்பாள், இங்கே வந்து நம்ப மாட்டாள். புத்தகம் பாதியில் கவிழ்ந்து கிடக்கிறது. அந்த எழுத்தாளரை அவளிடம் போய்ச் சேரவிடாமல் வாசலில் மறித்து நின்றது எது?

எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணித் தம்பி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். முகம் தெரியாமல் படித்த எனக்கு அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் குறைந்து போயிற்று? ஒரே ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டால் நான் அந்தப் பக்கமே நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன். காட்ட முடியாவிட்டால் ‘சுமையே’ என்று தீர்ப்பு எழுதுங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.