மதுரையில் வாங்கினால் எந்த ஊரில் வழக்கு? இணைய வணிகச் சட்டத்தைப் படிக்கத் தொடங்கும் வழி

(திரையில்: கைபேசியில் "ஆர்டர் உறுதி" என்ற பொத்தான்)

வணக்கம். மதுரையில் இருக்கும் நீங்கள், குருகிராமில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் செயலி வழியாக, சூரத் வியாபாரி ஒருவரிடம் சேலை வாங்குகிறீர்கள். பிரித்துப் பார்த்தால் முந்தானை கிழிந்திருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். வழக்குத் தொடுக்க மதுரைக்கா, சூரத்துக்கா, குருகிராமுக்கா போவீர்கள்? இணைய வணிகச் சட்டத்தைப் படிக்க நினைப்பவர்கள் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இதற்கென்று ஒரே சட்டப் புத்தகம் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதன்கீழ் 2020-இல் வந்த மின்வணிக விதிகள் ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

(திரையில்: பழைய கறுப்புத் தொலைபேசி)

பாடம் தொடங்கும் இடம் கணினி அன்று, பருத்திவிதைப் பிண்ணாக்கு. 1959-இல் அகமதாபாத் வணிகர்கள் தொலைபேசியில் அழைத்து, இன்றைய மகாராஷ்டிரத்தின் காம்கானில் இருந்த ஒரு நிறுவனத்திடம் பிண்ணாக்கு வாங்க விலை பேசினார்கள். காம்கானில் இருந்தவர்கள் சம்மதம் சொன்னதாகவும் பிறகு சரக்கு அனுப்பவில்லை என்றும் கூறி, 31,150 ரூபாய் கேட்டு அந்த வணிகர்கள் அகமதாபாதில் வழக்குத் தொடுத்தார்கள். "சம்மதம் எங்கள் ஊரில் சொல்லப்பட்டது, எனவே வழக்கும் எங்கள் ஊரில்தான் நடக்க வேண்டும்" என்பது எதிர்தரப்பின் வாதம். வாயிலிருந்து சொல் கிளம்பிய ஊரில் ஒப்பந்தம் பிறந்ததா, அது காதில் விழுந்த ஊரில் பிறந்ததா என்பதை முடிவுசெய்ய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

தபாலுக்கு விடை ஏற்கெனவே இருந்தது. ஏற்புக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டு அது கையை விட்டுப் போனவுடன், முன்மொழிந்தவர் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவராகிவிடுகிறார். ஆகவே கடிதம் போட்ட ஊரே ஒப்பந்தம் பிறந்த ஊர். தொலைபேசிக்கு இது பொருந்தாது, அது இருவர் நேருக்கு நேர் பேசுவதைப் போன்றது, ஏற்பு கேட்கப்பட்ட அகமதாபாதில்தான் ஒப்பந்தம் உருவானது என்று 1965-இல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி இதயதுல்லா மட்டும் மாறுபட்டார். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் சொற்கள் தொலைபேசியையும் தழுவும் அளவுக்கு விரிந்தவை, சொல் கையை விட்டுப் போன காம்கானே சரியான இடம் என்பது அவர் நிலைப்பாடு. தொலைபேசிக்குக் காப்புரிமை கிடைத்ததே 1876-இல்தான். அதற்கு நான்கு ஆண்டு முன்பு எழுதப்பட்ட சட்டத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நுட்பமாக வாதிட்டிருக்கிறார்கள். சட்டம் படிக்கும் மாணவர்கள் பெரும்பான்மைத் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு நகராமல், அந்த மாறுபட்ட தீர்ப்பையும் வரிவரியாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மின்னஞ்சல் வந்தபோது நாடாளுமன்றமே விடை எழுதிவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, செய்தி அனுப்பியவரின் தொழிலிடத்திலிருந்து கிளம்பியதாகவும் பெறுபவரின் தொழிலிடத்தில் வந்து சேர்ந்ததாகவும் கொள்ளப்படும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தாலும் அதைப் பற்றிக் கவலையில்லை. ஜார்க்கண்டின் தன்பாத் பக்கத்து நிலக்கரியை மின் ஏலத்தில் எடுத்த, உத்தரப் பிரதேசத்தின் சந்தௌலியைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றால், ஏலத்தை ஏற்றுத் தனக்கு வந்த மின்னஞ்சலைக் காட்டியே தன் மாநிலத்தில் வழக்கு நடத்த முடிந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2005-இல் அப்படித்தான் முடிவு செய்தது.

இப்போது நம் சேலைக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார் கொடுப்பவர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. சொல் கிளம்பிய ஊர், விழுந்த ஊர் என்ற ஆராய்ச்சியே உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் மதுரையில் வசிக்கிறீர்கள், அது போதும். சாதாரண மனிதருக்கு இணைய வணிகச் சட்டம் செய்திருக்கும் நன்மைகளில் இதையே நான் முதலில் வைப்பேன்.

முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டங்களைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்பது 2020 விதிகளில் இருக்கிறது. சென்ற மாதம் நான் பேருந்துச் சீட்டு எடுத்தபோது, பயணக் காப்பீட்டுக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது. கட்டணத்தைக் கூட்டிப் பார்த்த பிறகே கவனித்து நீக்கினேன். நீங்களும் பணம் கட்டுமுன் மொத்தத் தொகையை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

(திரையில்: ஒப்பந்தத் தாளின் கடைசி வரி, பெரிதாக்கி)

ஆனால் நீங்கள் வாங்கி விற்கும் வணிகராக இருந்தால், 34-ஆம் பிரிவு பொதுவாக உங்களுக்குக் கைகொடுக்காது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஊரே பேசும். சேலத்து நிறுவனம் ஒன்று குஜராத்திலிருந்து உலோக இழை நூல் வாங்கிய வழக்கில், தகராறுகள் "கைரா நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட்டவை" என்று, குஜராத்தில் இருக்கும் கைராவின் பெயரை எழுதியிருந்தது. "மட்டும்" என்ற பொருள்படும் சொல் எதுவும் இல்லாததால், சேலம் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2013-இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் ஓர் ஊரின் பெயரைக் குறிப்பிட்டதே மற்ற ஊர்களை விலக்கும் நோக்கத்தைக் காட்டும் என்றது.

இணையத்தில் சரக்கு விற்கும் நண்பர்களே, உங்கள் பொருளைப் பட்டியலிட்டிருக்கும் தளத்தின் விதிமுறைப் பக்கத்தை இன்றே திறந்து, நீதிமன்றம் எந்த ஊர் என்று சொல்லும் வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பகுதியில் இருக்கும். அந்த ஊரின் பெயரைக் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். அடுத்த காணொலியில் அந்த 2013 தீர்ப்பையே முழுமையாகப் படிப்போம்.