கட்டணம் யாரைத் தேர்ந்தெடுக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் கணக்கு ஆசிரியராக இருந்தவன் நான். பெற்றோர் பலர் உறுதியாக நம்பும் ஒரு கருத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். "நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பெரிய பள்ளியில்தான் இருக்கிறார்கள். நம் பிள்ளையும் அவர்களோடு சேர்ந்தால் மேலே வந்துவிடும்" என்பார்கள். கடன் வாங்கியாவது, நகையை அடகு வைத்தாவது அங்கே இடம் பிடிப்பதற்கு இந்த நம்பிக்கைதான் காரணம்.

கட்டணம் அதிகமான அந்தத் தனியார் பள்ளியில் பிள்ளைகள் எந்த வயதில் சேர்கிறார்கள் என்று பாருங்கள். எல்.கே.ஜி.யில், மூன்று மூன்றரை வயதில். அந்த வயதில் ஒரு குழந்தைக்குக் கணக்கில் மேதைமை இருக்கிறதா என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது. வண்ணங்களின் பெயரை ஆங்கிலத்தில் சொல்கிறதா, கூச்சமில்லாமல் பதில் சொல்கிறதா என்றுதான் பார்க்க முடியும். அதில் தெரிவது அந்த வீட்டின் பேச்சும் வசதியும். அதனால்தான் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறல் ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கட்டணம் இருக்கும்போது நேர்காணலே தேவையில்லை. கட்டணமே வடிகட்டிவிடுகிறது. அது வடிகட்டுவது பெற்றோரின் வருமானத்தை. பிள்ளையின் அறிவு அந்தச் சல்லடையில் விழுவதே இல்லை.

அப்படியானால் தேர்வு முடிவு வந்ததும் பள்ளி வாசலில் வைக்கிறார்களே பதாகை, அதில் இருக்கும் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? பலர் அரசுப் பள்ளிகளிலிருந்தும் சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்தும் பிளஸ் ஒன்னில் வந்து சேர்ந்தவர்கள். பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும், 480க்கு மேல் வாங்கிய பிள்ளையின் வீட்டுக்குத் தனியார் பள்ளியின் ஆட்கள் தேடி வருவது தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. கட்டணம் வேண்டாம், விடுதிக்குப் பணம் வேண்டாம், பிள்ளையை மட்டும் அனுப்புங்கள் என்பார்கள். எல்.கே.ஜி.யிலிருந்து பணம் கட்டி வரும் பெற்றோரின் காசில் இந்தப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திறமையான பிள்ளையை ஈர்த்தது கட்டணம் அல்ல, கட்டண விலக்கு. இதை எல்லோரையும் விட நன்றாக அறிந்தவர்கள் அந்தப் பள்ளி நிர்வாகிகள்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. படிப்பில் பின்தங்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிகள் இருக்கின்றன. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று அவர்கள் சொல்லும்போது, அந்தக் கணக்கில் வராத பிள்ளைகள் எங்கள் வகுப்பறைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். மனம் உடைந்து வரும் அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் "உன்னால் முடியும்" என்று சொல்லி நம்ப வைப்பதற்கே முதல் பருவம் முழுவதும் போய்விடும். எந்தப் பதாகையும் சொல்லாத கதை இது.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளி, உலகின் மிகப் பெயர்பெற்ற கட்டணப் பள்ளிகளில் ஒன்று. 1440இல் மன்னர் ஆறாம் ஹென்றி அதைத் தொடங்கியது 70 ஏழை மாணவர்களுக்கு இலவசமாகக் கல்வி தருவதற்காக. இன்று அங்கே ஏறத்தாழ 1,300 மாணவர்கள் படிக்கிறார்கள். இன்றும் கடினமான போட்டித் தேர்வு எழுதி வரும் 70 பேருக்கு மட்டும் தனி விடுதி, தனிப் பெயர், தனி மரியாதை. கட்டணம் கட்டி வருவதே திறமைக்குச் சான்று என்றால் இந்த 70 பேரைப் பிரித்து வைக்கத் தேவை இருந்திருக்காது.

ஆந்திரத்தில் நடந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 180 கிராமங்களில், குலுக்கல் முறையில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தனியார் பள்ளியில் படிக்க உதவித்தொகை கிடைக்கச் செய்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தெலுங்கிலும் கணக்கிலும் அவர்களுக்கும் குலுக்கலில் பெயர் வராத பிள்ளைகளுக்கும் வேறுபாடு இல்லை. இந்தியில் மட்டும் முன்னே இருந்தார்கள். அவை செலவு குறைந்த கிராமத்துப் பள்ளிகள், மாநகரத்தின் பெரிய பள்ளிகள் அல்ல. இருந்தாலும் யார் சேர்கிறார்கள் என்பதைக் குலுக்கலிடம் விட்டதும், நாம் பெரிதாக நினைத்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது.

வசதியான பள்ளியில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆய்வகம், நூலகம், விளையாட்டுத் திடல், ஆங்கிலத்தில் தயங்காமல் பேசும் பழக்கம், பிற்காலத்தில் உதவும் தொடர்புகள் எல்லாம் அங்கே கிடைக்கும். அவற்றுக்காகப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுங்கள். அறிவாளிப் பிள்ளைகளின் கூட்டத்தைப் பணத்தால் வாங்குகிறோம் என்று எண்ணிக் கட்டாதீர்கள். சேர்க்கும் முன் பள்ளியில் ஒரு கேள்வி கேளுங்கள்: பதாகையில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் முதல் வகுப்பிலிருந்து இங்கேயே படித்தவர்கள்?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 2020இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டப்படி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதைப் பெறப் பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அடுத்த ஆண்டே இதை விரிவுபடுத்தினார்கள். உங்கள் மகள் நல்ல மதிப்பெண் வாங்கியதும் இலவச இடம் தருகிறேன் என்று யாராவது வந்தால், பிளஸ் ஒன்னில் அவளை மாற்றினால் இந்த ஒதுக்கீடு போய்விடும் என்பதை அவர்கள் சொல்கிறார்களா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். பிறகு அவளுடைய கணக்கு ஆசிரியரையும் அறிவியல் ஆசிரியரையும் ஒருமுறை நேரில் பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

நன்றி, வணக்கம்.