சிடி வேஷம் போட்ட வைஃபை டாங்கிள்: சித்தப்பாவின் புழு மனையில் ராஸ்பெர்ரி பை

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் மல்பெரித் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். பின்னால் நீளமாக ஒரு கட்டடம் தெரிகிறதே, அதுதான் சித்தப்பாவின் பட்டுப்புழு மனை. கேமராவோடு உள்ளே போகலாம் என்று நினைத்தேன், "புழு தோல் உரிக்கிற நேரம்டா, வாசப்படி தாண்டினே காலை ஒடிச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டார். அதனால் வரப்புதான் இன்றைக்கு ஸ்டுடியோ.

இன்றைய வில்லன் இதோ என் விரல் நுனியில் இருக்கிறான். பாருங்கள், ஒரு புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். யுஎஸ்பி வைஃபை டாங்கிள், அதாவது வைஃபை இல்லாத கம்ப்யூட்டரில் செருகினால் வைஃபை கொடுக்கிற குச்சி. போன மாதம் பாலக்கோட்டில் ரயிலேறி ராயக்கோட்டை, ஓசூர் வழியாக பெங்களூரு போய் எஸ்.பி. ரோட்டில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரரிடம் "லினக்ஸில் வேலை செய்யுமா அண்ணா?" என்று கேட்டேன் (லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள்). "எல்லாத்துலயும் செய்யும் தம்பி" என்றார். அந்த "எல்லாத்துலயும்" என்ற வார்த்தை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

முதலில் எதற்கு இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன். சாக்கி மையத்திலிருந்து, அதாவது குஞ்சுப்புழுவை வளர்த்துத் தருகிற இடத்திலிருந்து, இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவாக வாங்கி வந்து வளர்ப்பார்கள். வளர்ந்த புழுவுக்கு வெப்பம் 24, 25 டிகிரியில் இருக்க வேண்டும், காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் பக்கம் இருக்க வேண்டும். நம் தர்மபுரி வெயில் அதற்கு ஒத்துவருமா? சாக்கை நனைத்துத் தொங்கவிடுவார்கள், கூரைமேல் தண்ணீர் அடிப்பார்கள், ராத்திரி எழுந்து போய் வெப்பமானியைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கால் நனைத்து, கை கழுவி, அப்புறம்தான் போக முடியும், ஏனென்றால் வெளியிலிருந்து நோய் போய்விட்டால் அந்த பேட்ச் முழுக்கப் போச்சு. ஆக உள்ளேயே ஒரு சென்சாரை வைத்து, அளவை வீட்டில் ஃபோனில் பார்க்கலாமே என்பதுதான் யோசனை. என்னிடம் காலேஜ் காலத்து ராஸ்பெர்ரி பை 2 ஒன்று பரணில் கிடந்தது. லினக்ஸில் ஓடுகிற குட்டிக் கம்ப்யூட்டர் அது, இனி சுருக்கமாக 'பை' என்றே சொல்கிறேன். 2015-இல் வந்த மாடல், 1 ஜிபி ராம், இந்த வேலைக்கு அதுவே தாராளம். ஒரே குறை, அதில் வைஃபை கிடையாது. போர்டிலேயே வைஃபை வந்தது 2016-இல் வந்த பை 3-இலிருந்துதான். வீட்டுக்கும் மனைக்கும் நடுவே தென்னை, மாட்டுக் கொட்டகை எல்லாம் தாண்டி லேன் கேபிள் இழுக்க முடியாது, இழுத்தாலும் எலி விடாது.

சரி, டாங்கிளைச் செருகினேன். ஒன்றுமே நடக்கவில்லை. லைட் எரியவில்லை, வைஃபை பட்டியல் வரவில்லை. கட்டளை அடிக்கிற டெர்மினலில், நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் ஐபி லிங்க் என்று அடித்துப் பார்த்தால் ஈத்தர்நெட் இருக்கிறது, டபிள்யூலேன்0, அதாவது வைஃபை, இல்லை. இந்த இடத்தில்தான் நான் முட்டாள்தனம் செய்தேன், அதை மறைக்காமல் சொல்கிறேன். யுஎஸ்பியில் செருகியிருப்பதைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி என்று அடித்தேன், திரையில் பாருங்கள், ஒரு வரி வந்தது: 0பிடிஏ:1ஏ2பி என்ற அடையாள எண், பக்கத்தில் ரியல்டெக் ஆர்டிஎல்8188ஜியு என்று ஒரு பெயர். ஆஹா, சிப் பெயர் கிடைத்துவிட்டது என்று அந்தப் பெயருக்கு டிரைவர், அதாவது சிப்பை இயக்குகிற மென்பொருள், தேடக் கிளம்பிவிட்டேன். அதே வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் "டிரைவர் சிடிராம் மோட்" என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்ததை என் கண் படித்தது, மண்டை படிக்கவில்லை.

டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும், இது எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். இதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது: ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிளில் பையோடு மாட்டி, செட்டிங்ஸில் யுஎஸ்பி டெத்தரிங்கை ஆன் செய்துவிட்டால், லினக்ஸ் அதை ஒரு லேன் கார்டாகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் கேட்காது. கேபிள் மட்டும் டேட்டா போகிற கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிளை மாட்டிவிட்டு ஃபோனைத் திட்டக்கூடாது, நான் திட்டினேன்.

அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் பொதுவில் போட்டிருந்த 8188ஜியு டிரைவரின் மூல நிரலை இறக்கினேன், கர்னல் ஹெடர் போட்டேன் (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, ஹெடர் என்பது அதற்கேற்ப டிரைவர் கட்டத் தேவையான ஃபைல்கள்), நிரலை ஓடுகிற வடிவத்துக்கு மாற்ற கம்பைல் கொடுத்தேன். 900 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் மக்களே. ஓடவிட்டுவிட்டு மாட்டுக்குத் தீவனம் போட்டு வந்தேன், ஓடிக்கொண்டிருந்தது. பிழை வந்தது. ஹெடர் பதிப்பும் ஓடுகிற கர்னல் பதிப்பும் பொருந்தவில்லை. கர்னலைப் புதுப்பித்து, ரீபூட் செய்து, மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒருவழியாகக் கம்பைல் ஆகி, மாட்யூல், அதாவது அந்த டிரைவர், பிழையில்லாமல் கர்னலில் ஏறி உட்கார்ந்தது. ஏறியவற்றைக் காட்டும் எல்எஸ்மாட் அடித்தால் பெயர் தெரிகிறது. டபிள்யூலேன்0 மட்டும் இல்லை!

அது ஏன் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. கர்னலில் ஒவ்வொரு டிரைவரும் ஒரு பட்டியல் வைத்திருக்கும், இந்த இந்த எண்ணுள்ள சாதனம் வந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று. நான் ஏற்றிய டிரைவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறது, மாப்பிள்ளையோ சமையல்காரர் வேஷத்தில் பின்வாசலில் நிற்கிறார். போதாக்குறைக்கு, இது அந்த மாப்பிள்ளையே இல்லை.

கர்னல் எழுதிவைக்கிற குறிப்புகளைக் காட்டும் டிமெஸெக் அடித்துப் பொறுமையாக வரிவரியாகப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. டாங்கிளைச் செருகியதும் யுஎஸ்பி ஸ்டோரேஜ் என்கிறது, அடுத்து சிடிராம் என்கிறது, எஸ்ஆர்0 என்று ஒரு சிடி டிரைவை உருவாக்குகிறது. அதாவது என் வைஃபை டாங்கிள் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது.

இது மோசடி ஒன்றும் இல்லை, ஒரு காலத்து வசதி. 3ஜி டேட்டா கார்டு ஞாபகம் இருக்கிறதா? லேப்டாப்பில் செருகினால் மை கம்ப்யூட்டரில் ஒரு சிடி மாதிரி ஐகான் வரும், அதை டபுள் கிளிக் செய்தால் சாஃப்ட்வேர் தானாக ஏறும். தனியாக ஒரு சிடி கொடுக்காமல், டிரைவரை அந்தக் குச்சிக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். விண்டோஸில் அந்த டிரைவர் ஏறியதும், அது குச்சியிடம் "சிடி வேலை முடிந்தது, இனி உன் சொந்த வேலையைப் பார்" என்று சொல்லும், குச்சி எண்ணை மாற்றிக்கொண்டு வைஃபையாக மறுபடி வந்து நிற்கும். லினக்ஸில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லையென்றால், அது ஆயுசுக்கும் சிடியாகவே உட்கார்ந்திருக்கும்.

அந்த வார்த்தையைச் சொல்கிற நிரலின் பெயர் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச். உங்கள் ராஸ்பெர்ரி பையில் இல்லையென்றால், நிரல்களை நிறுவுகிற ஏபிடி கட்டளை மூலம் போட்டுக்கொள்ளுங்கள். சில டாங்கிள்களுக்கு இது தானாகவே நடந்துவிடும், என்னுடையதற்கு நடக்கவில்லை, கையால்தான் கொடுத்தேன். திரையில் இருக்கிற கட்டளையைப் பாருங்கள்: கே என்ற பெரிய எழுத்து, அது சிடியை வெளியே தள்ளு என்பதற்கு, பிறகு வி-க்கு 0பிடிஏ, பி-க்கு 1ஏ2பி. வி என்பது யார் செய்தது, பி என்பது என்ன பொருள். என்டர் தட்டினேன். இரண்டு மூன்று நொடி. மறுபடி எல்எஸ்யுஎஸ்பி. எண் 0பிடிஏ:சி811 என்று மாறியிருந்தது! சி811 என்றால் ஆர்டிஎல்8811சியு, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் எடுக்கிற வேறொரு சிப். நான் இரண்டு நாளாக மாரடித்துக் கம்பைல் செய்தது 8188ஜியுவுக்கு. அந்த 1ஏ2பி எண் பல சிப்புகளுக்குப் பொதுவான முகமூடி, பட்டியலில் அதற்கு எதிரே ஒரு சிப்பின் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று. இந்த 8811சியுவுக்கு நான் டிரைவர் தேடவே வேண்டியதில்லை. 2023-இல் வந்த லினக்ஸ் கர்னல் 6.2-இலிருந்து இந்த வகை யுஎஸ்பி சிப்புகளுக்கான டிரைவர் கர்னலோடேயே வருகிறது, ஆர்டிடபிள்யூ88 என்ற குடும்பம். என் பையில் ஓடியது 6.6. எண் மாறிய அதே நொடியில் டிரைவர் தானாக வந்து எடுத்துக்கொண்டது, டபிள்யூலேன்0 வந்துவிட்டது. பழைய கர்னல் வைத்திருப்பவர்கள்தான் வெளி டிரைவரை நாட வேண்டும், அதையும், கர்னல் மாறும்போது டிரைவரைத் தானே மறுபடி கம்பைல் செய்கிற டிகேஎம்எஸ் வழியாகப் போடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் வைஃபை செத்துப்போகும். நான் கம்பைல் செய்த அந்த 8188ஜியுவை? அன்று ராத்திரியே அழித்துவிட்டேன், பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

கதை முடிந்ததா என்றால், ரீபூட் செய்தேன், பழையபடி சிடியாக வந்து நின்றது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அது தன் பழைய வேஷத்துக்குத் திரும்பிவிடும். எங்கள் ஊரில் மின்சாரம் எத்தனை முறை போய் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு, ஒரு சாதனம் செருகப்பட்டதும் என்ன செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்கிற யுடெவ் விதி ஒன்று எழுத வேண்டும்: இந்த வி எண்ணும் இந்த பி எண்ணும் உள்ள பொருள் வந்தால் உடனே அந்தக் கட்டளையை ஓட்டு. ஒரே வரி, ஒரு ஃபைல். வரியைத் திரையில் விட்டிருக்கிறேன், நிறுத்திப் பார்த்து அடித்துக்கொள்ளுங்கள். மேற்கோள் குறி ஒன்று விட்டுப்போனாலும் அது வேலை செய்யாது, ஏன் என்றும் சொல்லாது.

பிறகு நாடு. ராஸ்பெர்ரி பை ஓஎஸ், வைஃபைக்கு எந்த நாடு என்று சொல்லும்வரை ரேடியோவைப் பூட்டியே வைத்திருக்கும், ஆர்எஃப்கில் என்று ஒரு எச்சரிக்கை வரும். ராஸ்பி கான்ஃபிக் என்ற அமைப்புத் திரையில் போய் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் பூட்டு திறக்கும். அப்புறம் என்எம்டியுஐ என்ற நெட்வொர்க் திரையில் வீட்டு வைஃபை பெயர், பாஸ்வேர்டு, முடிந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் மனைவரைக்கும் எட்டவில்லை, சுவர் தாண்டினால் அது சோர்ந்துபோகும். 2.4-இல் ஒழுங்காக வருகிறது, இரண்டு எண்ணை அனுப்ப அது போதும்.

கடைசியாக ஒரு தொல்லை. மனையில் கொண்டுபோய் வைத்த அன்று ராத்திரி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொடர்பு அறுந்தது. டிரைவர்தான் என்று மறுபடி சந்தேகம், நான் திருந்தவே இல்லை பாருங்கள். டிமெஸெக்கில் வோல்டேஜ் குறைவு என்று வரிசையாக விழுந்திருந்தது. மின்சாரம் போதுகிறதா என்று காட்டும் வீசிஜென்சிஎம்டி கெட் திராட்டில்டு என்ற கட்டளையில் கேட்டால் 0 வர வேண்டும், எனக்கு 50005 என்று வந்தது, அதாவது இந்த நொடியிலும் மின்சாரம் பற்றவில்லை. நான் மாட்டியிருந்தது ஒரு பழைய ஃபோன் சார்ஜரும், நூல் மாதிரி இரண்டு மீட்டர் கேபிளும். வைஃபை டாங்கிள் அனுப்பும்போது கூடுதலாக இழுக்கும், 5 வோல்ட் 4.63-க்குக் கீழே இறங்கினால் பை கூப்பாடு போடும். 2.5 ஆம்பியர் அடாப்டர், தடித்த குட்டைக் கேபிள், மாற்றினேன், ஒன்பது நாளாக அறுக்கவில்லை.

சித்தப்பா முதல் இரண்டு நாள் நம்பவில்லை. ஃபோனில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, காலை நனைத்து உள்ளே போய், சுவரில் தொங்குகிற வெப்பமானியையும் பார்த்துவிட்டு வருவார். நேற்று அதிகாலை மூன்று மணிக்கு என்னை எழுப்பி, "ஈரம் 58 காட்டுதுடா, உன் டப்பா சரியாத்தான் சொல்லுதா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் சாக்கு காய்ந்து கிடந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தோம், அரைமணி நேரத்தில் 67-க்கு வந்தது. இதோ, இப்போது பாருங்கள், 25.1 டிகிரி, 71 சதவீதம்.

உங்கள் டாங்கிள் வேறு எண் காட்டினால், எல்எஸ்யுஎஸ்பி தருகிற வரியை முழுசாக, கடைசி எழுத்துவரை கமென்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சித்தி இலை வெட்டக் கூப்பிடுகிறார், கேமராவை அணைக்கிறேன்.