ஐந்து பிள்ளைகள் மேல் விழும் பழி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கல்லூரி மாணவர்கள் சாட்ஜிபிடி பயன்படுத்துவதைப் பிடித்துத் தண்டிப்பதா, சொல்லிக்கொடுத்து நெறிப்படுத்துவதா? நெறிப்படுத்துவதே என்ற அணிக்காக வந்திருக்கிறேன்.

"இயந்திரம் எழுதியதா என்று கண்டறியும் கருவியில் போட்டால் பிடித்துவிடும்" என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார். ஐயா, சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படியொரு கருவியை வெளியிட்டது. அவர்கள் சோதனையிலேயே அது இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் கணக்கில் எழுதியது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள். 60 பேர் வகுப்புக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். தானே உட்கார்ந்து எழுதிய ஐந்து பிள்ளைகள் மேல் திருட்டுப் பழி!

அந்த ஐந்து பேர் யார் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. இத்தகைய கருவிகள் பலவும், அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்கலாம் என்று அளக்கின்றன. எளிதாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம் என்று முத்திரை. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்த பிள்ளை, தெரிந்த நாலு சொல்லை வைத்துச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதும், மாட்டிக்கொள்ளும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தார்கள். சராசரியாக 61 சதவீதம் இயந்திரம் எழுதியதாக வந்தது.

அடுத்து, நியூயார்க் வக்கீல்களைச் சொன்னார்கள். இல்லாத தீர்ப்புகளைச் சாட்ஜிபிடி சொல்ல, அப்படியே தாக்கல் செய்து 2023இல் 5,000 டாலர் அபராதம் கட்டியவர்கள். உண்மைதான். ஆனால் ஏ.ஐ. பயன்படுத்துவதே தவறு என்று அந்த நீதிபதி சொல்லவில்லை. சரிபார்க்காமல் தாக்கல் செய்ததும், கேள்வி எழுந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நின்றதும்தான் குற்றம்.

அந்தச் சரிபார்ப்பைத்தானே வகுப்பில் கற்றுக்கொடுக்க வேண்டும்? ஆதாரம் கேட்டால் சாட்ஜிபிடி நூலகத்தில் தேடாமல், பொருந்தும் சொல்லாக அடுக்கிக்கொண்டே போகும்போது இதழின் பெயர் நிஜமாக இருக்கும், தொகுதி எண், பக்க எண் எல்லாம் இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. மாணவனுக்கு இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் தேடு. டிஓஐ எண், அதாவது கட்டுரைக்கென்று தரப்படும் அடையாள எண், இருந்தால் அதற்கான தளத்தில் போட்டுத் திற. வேறு கட்டுரை திறந்தால் அடித்துவிடு. திறந்தது சரியான கட்டுரைதான் என்றாலும், நீ சொல்லும் கருத்து அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறி. கடைசிப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

"முழு அசைன்மென்ட்டையும் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிவந்தால்?" என்பீர்கள். தலைக்கு ஐந்து நிமிடம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, வையுங்கள். "மூன்றாம் பத்தியில் இந்த முறையை ஏன் எடுத்தாய்? தரவு பாதியாகக் குறைந்தால் எதை மாற்றுவாய்?" தானே யோசித்தவன் திக்கித் திணறியாவது, தமிழிலாவது சொல்லிவிடுவான். 60 பேருக்கு 300 நிமிடம், அதாவது 50 நிமிட வகுப்பில் ஆறு பீரியட். அந்த ஆறு பீரியடை ஒதுக்கச் சொல்லித்தான் எங்கள் அணி கேட்கிறது, நடுவர் அவர்களே. வணக்கம்.